இன்ஜினியரிங் பல்கலையில் பிபிஏ: காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் சேரும் முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து காமர்ஸ் குரூப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு ஓயாமல் போன் வருகிறது. பேசுவது பெரும்பாலும் பி.இ., பி.டெக். படிப்புக்குப் பெயர் வாங்கிய, அளவில் சின்னதான நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். "எங்களிடம் பிபிஏ என்ற வணிக நிர்வாகப் பட்டமும் இருக்கிறது, பிசினஸ் அனலிட்டிக்ஸ் இருக்கிறது, ஒருநாள் குடும்பத்தோடு வந்து கேம்பஸைப் பாருங்கள்" என்கிறார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை தாண்டி விருதுநகர் மாவட்டம் என்று காரைக்குடியிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்புகிற தூரம்தான், அதனால் வீட்டிலும் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். டியூஷனில் கணக்குப்பதிவியல் எடுப்பவன் என்பதால் அந்தக் கேள்வி கடைசியில் என்னிடம் வந்து நிற்கும்: சேரலாமா சார்?

சேரலாம். சில பிள்ளைகளுக்கு அது மிக நல்ல இடம், சிலருக்கு வீண்செலவு. நம் ஊர் வீடுகளில் முகப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் குடும்பம் புழங்குவது உள்முற்றத்தைச் சுற்றிய வளவில்தான். அதுபோல மூன்று வருஷம் நீங்கள் புழங்கப் போவது அந்தப் பல்கலையின் வணிகத் துறையில். பல்கலையின் பெயர் மெக்கானிக்கலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் கிடைத்த பெயர், அது பிபிஏ துறைக்கும் தானாக ஒட்டிக்கொள்ளாது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த ஒரு துறையைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான்.

படி 1: இந்தப் பட்டம் உங்களுக்கு எதற்கு?

சிஏதான் குறி என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். ஊரிலோ பக்கத்திலோ ஒரு பி.காம். சேர்ந்து, செலவைக் குறைத்து, சிஏ ஃபவுண்டேஷனை உடனே எழுதத் தொடங்குங்கள். ஹாஸ்டல், 75 சதவீத வருகைப் பதிவு, ஓயாத இன்டர்னல் தேர்வு எல்லாவற்றோடும் சிஏவையும் இழுத்துக்கொண்டு போவது பெரிய பாடு. டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு என்றாலும் இதே பேச்சுதான்: குரூப் 2க்கும் வங்கி அதிகாரித் தேர்வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், அதற்காக லட்சக்கணக்கில் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அழகப்பா அரசுக் கலைக் கல்லூரி போன்ற ஒரு இடத்தில் சில ஆயிரத்தில் பட்டம் முடித்துவிட்டு, மிச்சப் பணத்தையும் நேரத்தையும் தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை இருந்தால் பி.காம்., எம்.காம்., பி.எட். என்ற நேர்வழியை விட்டு விலகாதீர்கள்.

அப்போ யாருக்கு இது? கம்பெனி வேலைக்கோ எம்பிஏவுக்கோ போக நினைப்பவர்கள், வீட்டில் கடையோ தொழிலோ இருந்து அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், முக்கியமாக எண்களும் கம்ப்யூட்டரும் பிடித்தவர்கள். இந்தக் கடைசி விஷயத்தை லேசாக எடுக்க வேண்டாம். இந்த மாதிரி இடங்களில் பிபிஏ என்றாலும் புள்ளியியல், டேட்டா, கொஞ்சம் கோடிங் என்று கணிதப் பக்கம் சாய்ந்துதான் பாடத்திட்டம் இருக்கும். பிளஸ் டூவில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுத்த பிள்ளை ஓரளவு சமாளித்துவிடும். அதற்குப் பதிலாகக் கணினிப் பயன்பாடுகள் எடுத்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கடினமாக இருக்கும். முடியாது என்று சொல்லவில்லை, விடுமுறையிலேயே பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தை எடுத்து உட்கார வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் கூடவே கணக்குப்பதிவியலின் ஆங்கிலச் சொற்களையும் பழகிக்கொள்ளுங்கள். பேரேடு, ஐந்தொகை என்று நமக்குத் தெரிந்த அதே விஷயம்தான் அங்கே வேறு பெயரில் வரும்.

படி 2: பட்டம் செல்லுமா?

இது அரை மணி நேர வேலை, ஆனால் தவிர்க்கக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் இணையதளத்தில் நிகர்நிலைப் பல்கலைகளின் பட்டியல் தனியாக இருக்கிறது, போலிப் பல்கலைகளின் பட்டியலும் இருக்கிறது. பெயரோடு, நீங்கள் உட்கார்ந்து படிக்கப் போகும் வளாகமும் அனுமதிக்குள் வருகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் தாய் வளாகம் ஓர் ஊரிலும் வகுப்பு வேறு ஊரிலும் நடக்கிற இடங்கள் உண்டு. 2024-25 கல்வியாண்டிலிருந்து பிபிஏ, பிசிஏ, பிஎம்எஸ் மூன்றும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ வரம்புக்குள் வந்திருக்கின்றன. பி.காம். அதில் வராது. அதனால் பிபிஏ என்றால் ஏஐசிடிஇ ஒப்புதல் பற்றியும் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற நிறுவனம் ஆசிரியர் பட்டியல், கட்டணம் முதலான விவரங்களைத் தன் இணையதளத்தில் 'மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்' என்ற பெயரில் வெளியிட்டிருக்க வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள், வண்ண பிரோஷரில் இல்லாத பல விஷயம் அதில் இருக்கும்.

பட்டச் சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும் என்றும் கேட்டுவிடுங்கள். 'பிபிஏ' என்று நேராக இருப்பது நல்லது. நீளமான புதுப் பெயர்கள் பின்னால் அரசு வேலைக்குப் போகும்போது இணைச் சான்று (இதுவும் பிபிஏவும் சமம் என்ற சான்று) தேடி அலைய வைக்கலாம். ஏதோ ஒரு கம்பெனியோடு சேர்ந்து நடத்துகிறோம் என்றால், பட்டம் தருவது பல்கலைதானே, கம்பெனி தருவது கூடுதல் சான்றிதழ் மட்டும்தானே என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாக் (NAAC) தரமும் என்பிஏ (NBA) முத்திரையும் விளம்பரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நாக் தருவது மொத்த நிறுவனத்துக்கான தரம். என்பிஏ ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. மெக்கானிக்கலுக்கு என்பிஏ கிடைத்திருப்பது அந்தத் துறைக்குப் பெருமை, உங்கள் பிபிஏவைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

படி 3: வேலைவாய்ப்புக் கணக்கைத் துறைவாரியாகப் பிரியுங்கள்

இங்கேதான் பெற்றோர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேர்க்கை அலுவலகத்தில் காட்டுவது மொத்தப் பல்கலையின் எண்ணிக்கை. இத்தனை கம்பெனி வந்தது, உச்சச் சம்பளம் இத்தனை லட்சம் என்பார்கள். அந்த உச்சச் சம்பளம் ஏறக்குறைய எப்போதும் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருடையது. வந்த கம்பெனிகளில் எத்தனை பிபிஏ பிள்ளைகளை உட்கார விட்டன என்பதுதான் உங்கள் கேள்வி. பிளேஸ்மென்ட் அறிவிப்புகளில் 'பி.இ., பி.டெக். அனைத்துப் பிரிவுகள்' என்று போட்டிருந்தால் உங்களுக்குக் கதவு இல்லை, 'ஏதேனும் பட்டம்' என்றிருந்தால் உண்டு. போன வருஷம் பிபிஏ மாணவர்களுக்கு வந்த அறிவிப்புகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். டிசிஎஸ் போன்ற பெரிய ஐடி நிறுவனங்கள் கலை, வணிகவியல் பட்டதாரிகளை, மற்ற கம்பெனிகளின் அலுவலக வேலைகளைச் செய்து தரும் பிபிஎஸ் பிரிவுக்குத் தனியாக எடுக்கின்றன. அது இன்ஜினியர்களை எடுக்கிற தேர்விலிருந்து வேறு, சம்பளமும் வேறு.

அவர்கள் காட்டாவிட்டாலும் நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016லிருந்து வெளியாகிறது. அதில் பங்கேற்கிற நிறுவனங்கள் அளித்த தகவல்களைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். அந்தத் தாளில் நாலு வருஷ இளநிலைப் படிப்புக்கு ஒரு அட்டவணை, மூன்று வருஷ இளநிலைப் படிப்புக்குத் தனி அட்டவணை இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எல்லாம் வரிசையாக வரும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று வருஷ அட்டவணையை. இன்ஜினியரிங் பிரிவுக்குக் கொடுத்த தாளை எடுத்தால் அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, 'ஓவரால்' அல்லது 'யுனிவர்சிட்டி' பிரிவுக்குக் கொடுத்ததை எடுங்கள். பிசிஏ, பி.எஸ்சி., பி.காம். எல்லாம் அந்த அட்டவணையில் பிபிஏவோடு சேர்ந்துதான் இருக்கும், ஆனாலும் இன்ஜினியர்களின் சம்பளம் கலக்காத கணக்கு அது ஒன்றுதான்.

மீடியன் என்றால் எல்லோர் சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவருடைய சம்பளம். ஐந்து பேருக்கு 1.8, 2, 2.2, 2.4, 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 4.08 லட்சம் வரும், மீடியன் 2.2 லட்சம்தான். அதனால் யாராவது 'ஆவரேஜ் பேக்கேஜ்' என்று தொடங்கினால் மீடியன் எவ்வளவு என்று நிதானமாகக் கேளுங்கள். அப்புறம் வேலையின் பெயரையும் கேளுங்கள். விற்பனைக்கு அலைகிற வேலையா, அலுவலகத்தில் டேட்டா பார்க்கிற வேலையா, வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கிற வேலையா? எல்லாமே மரியாதையான வேலைதான், ஆனால் எதற்காக இத்தனை பணம் கட்டுகிறோம் என்பது வீட்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் 100 சதவீதம்' என்ற வாக்கியத்துக்கு, வேலை தேட உதவுவோம் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை.

படி 4: யார் எடுக்கிறார்கள், எது உண்மையில் நடக்கிறது?

பாடத்திட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். விருப்பப் பாடங்கள் நீளமாக இருக்கும்: டெரிவேட்டிவ்ஸ், பிராண்ட் மேனேஜ்மென்ட், சப்ளை செயின், குடும்பத் தொழில் நிர்வாகம். சின்னத் துறையில் இவை எல்லாம் நடக்காது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் மாணவர்கள் தேர்ந்தெடுத்தால்தான் வகுப்பு தொடங்குவார்கள், இல்லையென்றால் எல்லோரையும் ஒரே பாடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். "கடந்த இரண்டு வருஷத்தில் எந்தெந்த எலெக்டிவ் நடந்தது?" என்ற ஒரே கேள்வி துறையின் உண்மையான அகலத்தைக் காட்டிவிடும்.

ஆசிரியர் பட்டியலில் நிதிக் கணக்கியல், காஸ்டிங், வரி எடுப்பவர் யார் என்று தேடுங்கள். எம்.காம். அல்லது எம்பிஏவோடு நெட், செட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. முடித்த, அங்கேயே முழுநேரமாக வேலை பார்க்கிற ஆட்கள் வேண்டும். எம்பிஏ துறையிலிருந்து மீதி நேரத்துக்கு வந்து போகிறவர்களே முழுப் பாரத்தையும் சுமந்தால் பிபிஏ அவர்களுக்கு இரண்டாவது வேலையாகத்தான் இருக்கும். புள்ளியியலை மட்டும் கணிதத் துறை ஆள் எடுத்தால் அது நல்லதே, இன்ஜினியரிங் பல்கலையில் அந்தத் துறை பொதுவாக வலுவாக இருக்கும்.

சின்னத் துறையின் நன்மையையும் சொல்ல வேண்டும். பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியும். பரிந்துரைக் கடிதம் கேட்டால் உங்களைத் தெரிந்து எழுதித் தருவார். கூச்சப்படுகிற பிள்ளைகூட நாலு பேர் முன்னால் பேசியே ஆக வேண்டிய நிலை வரும். பெரிய கல்லூரியில் ஒரே பிரிவில் நெருக்கியடித்து உட்கார்ந்து மூன்று வருஷம் யார் கண்ணிலும் படாமல் முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன், அதனால் இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

மூன்று வருஷமா நாலு வருஷமா என்ற குழப்பமும் இங்கே வரும். யுஜிசியின் புதிய வரைமுறைப்படி மூன்று வருஷப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நாலு வருஷ ஆனர்ஸுக்கு 160. நாலாவது வருஷம் ஆராய்ச்சியோடு ஆனர்ஸ் வேண்டுமென்றால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எம்பிஏவுக்கு கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத மூன்று வருஷப் பட்டமே போதும். அதனால் நாலாம் வருஷம் கட்டாயமா விருப்பமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: இன்ஜினியர்கள் பக்கத்தில் இருப்பதால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?

இந்தப் பணத்தைக் கட்டுவதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தால் அது இதுதான். கலைக் கல்லூரியில் இருக்கும் வணிகவியல் மாணவனுக்குப் பொருள் செய்யத் தெரிந்த நண்பன் கிடைப்பது அரிது. இங்கே ஹாஸ்டலில் பக்கத்து அறையிலேயே இருப்பான்.

ஆத்தங்குடி டைல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் நிறக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். சூளையில் சுடுவதில்லை. மழைக்காலத்தில் உலர்த்துவது தாமதமானால் ஒரு பட்டறைக்கு எவ்வளவு நஷ்டம், மூடிய உலர்த்தும் கொட்டகை போட்டால் எத்தனை மாதத்தில் போட்ட முதல் திரும்பும்? கொட்டகையை வடிவமைக்க ஒரு சிவில் மாணவன், கணக்குப் போட நீங்கள். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை எடுத்தால், குறியீடு வந்த பிறகு நெசவாளருக்கு ஒரு சேலையில் எவ்வளவு கூடுதலாக நிற்கிறது என்று பார்க்கலாம். கானாடுகாத்தானில் தங்கும் விடுதியான பழைய வீடுகள், கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் வீட்டிலிருந்தே முறுக்கும் மாவுருண்டையும் போட்டு வெளியூருக்கு அனுப்புகிற ஆச்சிமார்கள் என்று நம்மைச் சுற்றி புராஜெக்டுக்குப் பஞ்சமே இல்லை. இப்படி ஒன்றைச் செய்து முடித்த பிள்ளை இன்டர்வியூவில் பேசுகிற பேச்சே தனியாக இருக்கும். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாக நுழைந்து அடுத்தாள், மேலாள் என்று ஏறியவர்கள் இப்படி வேலையோடு சேர்த்துத்தான் கணக்கைக் கற்றார்கள்.

ஆனால் இது தானாக நடக்காது, பல்கலை இடம் கொடுக்க வேண்டும். பிபிஏ மாணவர் கம்ப்யூட்டர் சயின்ஸிலோ டேட்டா சயின்ஸிலோ மைனர் (துணைப் பாடப்பிரிவு) எடுக்க முடியுமா? விதியில் இருப்பது மட்டும் போதாது, டைம்டேபிள் இடம் கொடுத்து உண்மையில் எடுத்த மாணவர் ஒருவரையாவது காட்டச் சொல்லுங்கள். புதுத் தொழில் தொடங்க உதவும் இன்குபேஷன் மையத்தில் பிபிஏ மாணவர் சேர்ந்த அணி ஏதாவது இருக்கிறதா? ஹேக்கத்தானுக்கு உங்களையும் சேர்த்துக்கொள்வார்களா? கம்ப்யூட்டர் லேப் மாலையில் உங்களுக்கும் திறந்திருக்குமா? இதற்கெல்லாம் இல்லை என்ற பதில் வந்தால், நீங்கள் கட்டுவது இன்ஜினியரிங் வளாகத்துக் கட்டணம், படிப்பது சாதாரண பிபிஏ.

படி 6: வேலைநாளில் போய்ப் பாருங்கள்

அவர்கள் அழைக்கிற ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். செமஸ்டர் நடக்கிற ஒரு செவ்வாய், புதன்கிழமை போங்கள். கோடை விடுமுறையாக இருந்தால் இரண்டாம், மூன்றாம் வருஷம் படிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது ஊரில் இருப்பார்கள், தேவகோட்டையிலோ திருப்பத்தூரிலோ விசாரித்தால் கிடைத்துவிடுவார்கள், அவர்களிடம் பேசுங்கள். அந்த அண்ணன், அக்காவிடம் "காலேஜ் நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். போன வாரம் எத்தனை வகுப்பு நடக்காமல் போனது, இன்டர்ன்ஷிப் யார் தேடிக் கொடுத்தது, பிபிஏ ஆட்களுக்கு மெயின் பிளாக்கில் வகுப்பா என்று கேளுங்கள். நூலகத்தில் வணிகவியல் அலமாரிக்குப் போய் வருமான வரிப் புத்தகம் எந்த வருஷத்துப் பதிப்பு என்று பாருங்கள். வரிச் சட்டம் வருஷா வருஷம் மாறுகிற ஒன்று, அந்தப் புத்தகம் பழசாக இருந்தால் துறையைக் கவனிக்க ஆள் இல்லை.

படி 7: பணம்

ஒரு வருஷக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். டியூஷன், ஹாஸ்டல், மெஸ், தேர்வு, பிளேஸ்மென்ட் பயிற்சி, கூடுதல் சான்றிதழ் படிப்பு, கோட், லேப்டாப், வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும் என்று மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். பொறியியல் கலந்தாய்வில் கிடைக்கிற முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆகியவற்றை நிகர்நிலைப் பல்கலை பிபிஏவில் எதிர்பார்த்து பட்ஜெட் போட வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இந்தப் படிப்புக்கு வருமா என்று சேர்க்கை அலுவலகத்திலேயே கேளுங்கள்.

கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, 4 லட்சம் வரை உங்கள் பங்காக முன்பணமும் வேண்டாம். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் பதிவு இருக்கும். 2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலட்சுமி திட்டம் குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களின் பட்டியலுக்கு மட்டும்தான், உங்கள் பல்கலை அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள். தவணையை மூன்றாம் படியில் பார்த்த மீடியன் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள், வேறு யாருடைய உச்சச் சம்பளத்தோடும் ஒப்பிட வேண்டாம்.

படி 8: கட்டுகிற அன்று

"இன்றைக்கே கட்டினால் ஸ்காலர்ஷிப்" என்று அவசரப்படுத்துவார்கள். அந்த ஸ்காலர்ஷிப் மூன்று வருஷத்துக்கும் உண்டா, எத்தனை சதவீதம் எடுத்தால் தொடரும் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். 2018ல் யுஜிசி வெளியிட்ட அறிவிப்பின்படி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. வேறு இடம் கிடைத்து விலகினால் கட்டணம் திரும்பவும் கிடைக்கும், ஆனால் எவ்வளவு என்பது விலகுகிற தேதியைப் பொறுத்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுத்தால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகை, தாமதமாகத் தாமதமாக 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. சில வருஷங்களில் யுஜிசி இதைவிட தாராளமான தேதிகளைத் தனியாக அறிவிக்கிறது, அந்த வருஷத்து அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்துவிட்டீர்கள் என்றால் முதல் மாதத்திலேயே துறைத் தலைவரைப் பார்த்து, மைனர் எடுக்க எந்த செமஸ்டரில் விண்ணப்பிக்க வேண்டும், முன்கூட்டி என்ன பாடம் முடித்திருக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல பிள்ளைகள் மூன்றாவது செமஸ்டரில்தான் கேட்கிறார்கள், அதற்குள் தேதி போய்விடுகிறது.